கைவிடப்பட்ட சுரங்கத்தில் காற்று எப்படிக் கெடுகிறது? படமெடுக்கச் செல்வோருக்கு ஓர் எளிய விளக்கம்

கைவிடப்பட்ட நிலத்தடிச் சுரங்கங்களின் படங்கள் இணையத்தில் இப்போது ஏராளமாகக் கிடைக்கின்றன. வேல்ஸ் நாட்டின் பிளைனை ஃபெஸ்டினியோக் ஊரைச் சுற்றியுள்ள ஸ்லேட் கல் சுரங்கங்களின் உயர்ந்த அறைகள், இங்கிலாந்தின் வடக்கு மலைகளில் உள்ள ஈயச் சுரங்கங்களின் குறுகிய வழிகள், துருவேறிய தண்டவாளங்கள், செந்நிறத்தில் தேங்கிய நீர் என அவற்றின் வசீகரம் பெரியது. அப்படங்களின் கீழே நடக்கும் பேச்சும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: உள்ளே விஷவாயு இருக்கும் என்பார் ஒருவர், முகமூடி அணிந்தால் போதும் என்பார் இன்னொருவர், தீக்குச்சி எரிகிற வரை பயமில்லை என்பார் மூன்றாமவர். இம்மூன்றிலும் கொஞ்சம் உண்மையும் நிறையத் தவறும் கலந்துள்ளன. சுரங்கத்துக்குள் காற்று எப்படி நடந்துகொள்கிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். படமெடுப்பவருக்கு இது இரு வகையில் பயன்படும். ஏனெனில், உயிரைக் காக்கும் அதே காற்றோட்டம்தான் படத்தின் தெளிவையும் முடிவு செய்கிறது.

பாழுங்கிணற்றிலிருந்து தொடங்கலாம்

பல ஆண்டுகளாக இறைக்கப்படாமல் கிடக்கும் ஆழமான கிணற்றைத் தூர் வார வேண்டியிருந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் யாரையும் உடனே இறங்க விடமாட்டார்கள். எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். இலையடர்ந்த மரக்கிளையைக் கட்டி மேலும் கீழுமாக இழுத்து உள்ளே இருக்கும் காற்றைக் கலக்குவார்கள். இதைச் செய்யாமல் இறங்கியவர் மயங்கி விழுவதும், அவரைத் தூக்க இறங்கியவர் அவர் மேலேயே சரிவதும், மறுநாள் செய்தித்தாளில் 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று வருவதும் நாம் அறிந்தவையே.

மலக்குழிகளிலும் பாதாளச் சாக்கடைகளிலும் உண்மையான நச்சு வாயு இருக்கிறது. ஆனால், வெறும் பாழுங்கிணற்றில் பல நேரங்களில் அப்படிப்பட்ட நச்சு எதுவும் வந்து சேர்ந்திருப்பதில்லை. இருக்க வேண்டிய ஒன்று அங்கே இல்லாமல் போயிருக்கிறது, அவ்வளவே. விழுந்த இலைகள் மட்கும்போதும், மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் வாழும்போதும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியிடுகின்றன. ஆழத்தில் காற்றோட்டம் இல்லாததால் செலவான ஆக்சிஜன் மீண்டும் நிரம்புவதில்லை.

நாம் சுவாசிக்கும் வெளிக்காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன், சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 0.04 சதவீத அளவில் கரியமில வாயு. இதில் ஆக்சிஜன் குறைந்து, நைட்ரஜனும் கூடுதலான கரியமில வாயுவும் மிஞ்சி நிற்கும் கலவையை ஆங்கிலேயச் சுரங்கத் தொழிலாளர்கள் 'பிளாக்டாம்ப்' என்று அழைத்தனர். இக்கட்டுரையில் இனி அதை வற்றிய காற்று என்றே குறிப்பிடுவோம்.

சுருக்கமாக: கைவிடப்பட்ட சுரங்கத்தின் முதன்மையான காற்று ஆபத்து, ஏதோ ஒரு வாயு உள்ளே புகுந்ததால் வருவதைவிட, ஆக்சிஜன் செலவாகித் தீர்ந்ததால் வருவதே அதிகம்.

உடல் ஏன் எச்சரிப்பதில்லை?

மூச்சை அடக்கிக்கொண்டால் சிறிது நேரத்தில் நெஞ்சு தவிக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்ததால்தான் அந்தத் தவிப்பு என்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உண்மையில், வெளியேற வழியின்றி இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவை மூளைத்தண்டு உணர்ந்து எழுப்பும் அபாய மணியே அது. ஆக்சிஜன் குறைவை உடல் கவனிக்காமல் இல்லை. ஆனால் அந்தக் கவனிப்பு தாமதமானது, வலுவற்றது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நைட்ரஜன் மிகுந்த வற்றிய காற்றில் ஒருவர் வழக்கம்போல் மூச்சை உள்ளிழுத்து வெளிவிடுகிறார். கரியமில வாயு தடையின்றி வெளியேறிவிடுவதால் மணி அடிப்பதே இல்லை. ஆக்சிஜன் 16 சதவீதத்துக்கு வரும்போது நாடித்துடிப்பு கூடி, சிந்தனை மந்தமாகத் தொடங்கும். 10 முதல் 12 சதவீதத்தில் உதடுகள் நீலம் பாரிக்கும், முடிவெடுக்கும் திறன் போய்விடும். கொடுமை என்னவென்றால், அந்நிலையில் சிலருக்கு இனம் புரியாத மகிழ்ச்சியும் அசட்டுத் துணிச்சலும் வருகின்றன. திரும்பிப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டிய அறிவே முதலில் அணைந்துவிடுகிறது.

ஆக்சிஜன் சுமார் 6 சதவீதத்துக்கும் கீழே போன இடத்துக்குள் நுழைந்துவிட்டால் நிலைமை இன்னும் விபரீதமானது. வாயுக்கள் எப்போதும் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கே நகரும். நுரையீரலில் உள்ள காற்றைவிட அங்கு வந்து சேரும் இரத்தத்தில் ஆக்சிஜன் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு மூச்சும் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அதனால்தான் அத்தகைய இடத்தில் சில மூச்சுகளிலேயே நினைவு தப்புகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவர், மூச்சு விடுபவரைவிட அதிக நேரம் தாக்குப்பிடிப்பார்.

கரியமில வாயுவும் சேர்ந்திருந்தால் கொஞ்சம் எச்சரிக்கை கிடைக்கும். அதன் அளவு 3 சதவீதத்தை எட்டும்போது நடக்காமலேயே மூச்சிரைக்கும். 5 சதவீதத்தில் தலைவலி வரும். செங்குத்தான வழியில் ஏறியதால் இரைக்கிறது என்று அதைத் தள்ளிவிடுவது மிக எளிது என்பதுதான் சிக்கல்.

ஆக்சிஜனைத் தின்பது எது?

உள்ளே நாலு பேர் வெகுநேரம் இருந்தால் காற்று தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இலேசான வேலை செய்யும் ஒருவர் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ஆக்சிஜன் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் ஒரு மணி நேரம் இருந்தால் 180 லிட்டர். இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம், பத்து மீட்டர் நீளமுள்ள சிறிய முட்டுச்சந்தில் 40 கன மீட்டர் காற்று இருக்கிறது. அதில் ஆக்சிஜன் சுமார் 8,400 லிட்டர். நால்வரும் சேர்ந்து அதை 20.9 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 20.5 சதவீதத்துக்குத்தான் இறக்குவார்கள். ஆக, நம் மூச்சு முக்கியக் குற்றவாளி அன்று.

உண்மையான தீனிக்காரர்கள் மெதுவாக, பல பத்தாண்டுகளாக வேலை செய்பவர்கள். தாங்குமரங்கள் உளுத்து மட்குவது ஒன்று. நிலக்கரிச் சுரங்கமாயின் நிலக்கரியே காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. உலோகச் சுரங்கங்களிலும் சில ஸ்லேட் சுரங்கங்களிலும் மிகவும் முக்கியமானது பைரைட். இது இரும்பும் கந்தகமும் சேர்ந்த, தங்கம்போல் மின்னும் தாது. நீரும் காற்றும் பட்டால் அது துருப்பிடித்து, ஒருபுறம் கந்தக அமிலமாகவும் மறுபுறம் செம்மஞ்சள் நிறச் சேறாகவும் மாறுகிறது. அவ்வாறு முழுமையாக மாறும் ஒரு கிலோ பைரைட், ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான, அதாவது ஒரு கிலோ ஆக்சிஜனை உண்டுவிடுகிறது. அது சுமார் மூன்றரை கன மீட்டர் காற்றில் உள்ள மொத்த ஆக்சிஜன். பாறைச் சுவரெங்கும் டன் கணக்கில் பைரைட் பரவிக் கிடக்கும் சுரங்கத்தின் மூடிய மூலைகளில் என்ன நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படமெடுப்பவர்கள் தேடி அலையும் அந்தச் செந்நிறக் குளங்களும் கூரையிலிருந்து தொங்கும் ஆரஞ்சு நிறக் குழைவுகளும் இதே வினையின் எச்சங்கள். அந்நிறத்தைக் கண்டால் காற்று நிச்சயம் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்; காற்றோட்டம் நன்றாக உள்ள இடங்களிலும் அது உண்டு. ஆனால், செந்நிறச் சேறு மண்டிய, மறுபக்கம் அடைபட்ட வழி என்றால் கருவியைப் பார்க்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்கலாகாது.

மற்ற வாயுக்களைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். மீத்தேன் பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு உரியது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். கார்பன் மோனாக்சைடு, தீயோ வெடிப்போ நிகழ்ந்த இடங்களில் உருவாகும் நிறமும் மணமும் அற்ற நச்சு. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது. தேங்கிய சேற்று நீரைக் காலால் கலக்கும்போது வெளிவரக்கூடும். அதன் அளவு கூடினால் முகரும் திறனையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் நின்றுவிட்டது என்பது நற்செய்தி அன்று.

சுரங்கம் மூச்சு விடும் விதம்

கிணற்றுக்கு ஒரே வாய். சுரங்கத்துக்குப் பல வாய்கள் இருக்கலாம். மலைச்சரிவில் கிடைமட்டமாகக் குடையப்பட்ட நுழைவழியை 'அடிட்' என்றும், மேலிருந்து நேர் கீழாக இறங்கும் குழியை 'ஷாஃப்ட்' என்றும் சொல்வர். வெவ்வேறு உயரங்களில் இரண்டு வாய்கள் திறந்திருந்தால், எந்த இயந்திரமும் இல்லாமலே காற்று ஓடும்.

சுரங்கத்தின் உள்ளே வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறாது. அவ்வட்டாரத்தின் ஆண்டு சராசரியை ஒட்டி இருக்கும். வேல்ஸில் அது பத்து டிகிரியைச் சற்று முன்பின்னாகத் தொட்டு நிற்கும். குளிர்காலத்தில் வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்து கனமாக இருப்பதால் கீழ் வாயில் நுழைய, உள்ளே உள்ள இளஞ்சூடான காற்று மேல் வாய் வழியே எழுந்து வெளியேறும். மேல் வாயில் புகைபோல் பனிமூட்டம் நிற்பதை அப்போது காணலாம். கோடையில் திசை தலைகீழாகிறது. உள்ளும் வெளியும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வரும் வசந்த, இலையுதிர் கால நாட்களில் ஓட்டம் தயங்கி நின்றே போகலாம். போன ஜனவரியில் சுகமாக இருந்த வழி, மே மாதத்தில் அப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததன் காரணம் இதுதான்.

ஒரே வாய் உள்ள சுரங்கத்திலும் வேறொரு வகை மூச்சு உண்டு. அதை நடத்துவது வளிமண்டல அழுத்தம். வானிலை அறிக்கைகளில் காற்றழுத்தத் தாழ்வு என்று கேட்கிறோமே, அது வரும்போது வெளி அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே வருகிறது. அழுத்தம் 1,013 மில்லிபாரிலிருந்து 990 மில்லிபாருக்கு இறங்கினால் விரிவு ஏறக்குறைய 2.3 சதவீதம். சிறிய எண்தான். ஆனால், மொத்தம் ஒரு லட்சம் கன மீட்டர் காலியிடம் உள்ள சுரங்கத்திலிருந்து அது 2,300 கன மீட்டர் காற்றை வெளித்தள்ளும். அதுவும் இடிந்து மூடிய பகுதிகளிலும் எவரும் போகாத மூலைகளிலும் ஆண்டுக்கணக்கில் வற்றிக் கிடந்த காற்றை, நாம் நடக்கும் வழிக்கே கொண்டுவந்து சேர்க்கும். அழுத்தம் ஏறும்போது வெளிக்காற்று மீண்டும் உள்ளே போகிறது. புயல் நெருங்கும் நாளில் பழைய சுரங்கத்துக்குள் போகாதே என்ற அனுபவசாலிகளின் விதி மழை வெள்ளத்துக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று.

இந்த வெளிமூச்சு சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிடுவதும் இல்லை. ஸ்காட்லாந்தின் கோர்பிரிட்ஜ் ஊரில், பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் மேல் கட்டப்பட்ட புதிய குடியிருப்பில் 2013-ஆம் ஆண்டு மக்கள் நோய்வாய்ப்பட்டனர். தரைக்கடியிலிருந்து வீடுகளுக்குள் கசிந்த கரியமில வாயுவே காரணம் எனத் தெரிந்து, 64 வீடுகள் பின்னர் இடித்து அகற்றப்பட்டன.

இயற்கை ஓட்டத்தை நம்ப முடியாத சுரங்கங்களும் உள்ளன. தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய கோலார் தங்கவயல் அத்தகையது. அங்கே காற்றையும் குளிர்ச்சியையும் இயந்திரங்களே உள்ளே அனுப்பின. நீரை இயந்திரங்களே வெளியேற்றின. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது; இறைப்பு நின்றபின் ஆழ்தளங்கள் நீரில் மூழ்கின. அங்கே ஆர்வலர் இறங்குவதற்கு ஒன்றுமில்லை. மேற்பரப்பில் நிற்கும் இரும்புக் கோபுரங்களையும் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளையும் படமெடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. பிரிட்டனில் பொழுதுபோக்காக இறங்குவோர் பெரும்பாலும் மலைச்சரிவில் அடிட் உள்ள ஸ்லேட், ஈய, தகரச் சுரங்கங்களையே நாடி, நிலக்கரிச் சுரங்கங்களை ஒதுக்குவதன் காரணமும் காற்றே.

சுருக்கமாக: வெப்பநிலை வேறுபாடும் வளிமண்டல அழுத்தமும் சுரங்கக் காற்றை நகர்த்துகின்றன. இரண்டும் வானிலையைச் சார்ந்தவை. ஆகவே, சுரங்கத்தின் காற்று நேற்று இருந்தபடி இன்று இருக்க வேண்டியதில்லை.

படமெடுப்பவரின் நிலை ஏன் வேறு?

சுரங்கத்தில் நடந்து செல்பவர் ஓர் இடத்தைக் கடந்துவிடுவார். படமெடுப்பவர் அங்கேயே தங்குவார். முழு இருளில் ஒரு படம் எடுப்பதற்கு, கேமராவை முக்காலியில் பொருத்தி, ஷட்டரை அரை நிமிடமோ பல நிமிடங்களோ திறந்து வைத்து, கைவிளக்கால் சுவர்களையும் கூரையையும் பகுதி பகுதியாகத் தடவி ஒளியூட்ட வேண்டும். இது ஒளித்தீட்டல் எனப்படும். ஒரு கோணத்துக்கு நாலைந்து முயற்சிகள் ஆகும். இதற்கிடையே அவர் மண்டியிட்டுக் குனிந்திருப்பார். அவர் தேர்ந்தெடுத்த இடமோ, பிறர் கால்படாத அழகிய முட்டுச்சந்தாகவே பெரும்பாலும் இருக்கும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான கரியமில வாயு தங்க விரும்பும் இடமும் அதுவே.

அதற்காகக் கெட்ட காற்று எப்போதும் தரையில்தான் கிடக்கும் என்று கொள்ள வேண்டாம். கரியமில வாயு குறைந்து, நைட்ரஜனே பெரும்பகுதியாக உள்ள வற்றிய காற்று வெளிக்காற்றைவிட இலேசாகவும் இருக்கக்கூடும். முழங்கால் உயரம், முகத்தின் உயரம், கூரையருகே என மூன்று மட்டத்திலும் அளப்பதே முறை.

காற்றோட்டத்தைப் படமே காட்டிக்கொடுக்கும் தருணமும் உண்டு. சுரங்கக் காற்று ஏறக்குறைய முழு ஈரத்துடன் இருப்பதால், வெளிவிடும் மூச்சு வெண்புகையாக உறைகிறது. காற்று நகரும் வழியில் அப்புகை உடனே கலைந்து போகும். தேங்கிய இடத்தில் லென்ஸின் முன்னே அப்படியே தொங்கும். கேமராவின் தலையில் பொருத்திய பிளாஷை அப்போது அடித்தால், ஒவ்வொரு நீர்த்துளியும் ஒளியை நேராக லென்ஸுக்கே திருப்பி அனுப்பி, படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். விளக்கைக் கேமராவிலிருந்து விலக்கிப் பக்கவாட்டிலோ, ஆளுக்குப் பின்னாலோ வைத்தால் அதே மூட்டம் ஒளிக்கற்றையாகி அழகு சேர்க்கும். மூச்சு தொங்குவது ஆக்சிஜன் குறைந்ததற்கான சான்று அன்று. இங்கே காற்று மாறுவதில்லை, அளந்து பார் என்ற குறிப்பு. மறுதலையாக, முகத்தில் காற்று வீசுவதும் நல்ல காற்றுக்குச் சான்று ஆகாது. அழுத்தம் இறங்கும் நாளில் மூடிய பகுதியிலிருந்து வெளிவரும் வற்றிய காற்றும் குளுகுளுவென்றே வீசும்.

இந்த ஈரம் கருவிக்கும் பகை. குளிர்காலத்தில் வெளியே உறைந்து கிடந்த கேமராவை உள்ளே கொண்டுவந்ததும் திறந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, உள் வெப்பநிலைக்கு அது வந்தபின் எடுக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது, 1941-இல், லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் வேல்ஸின் மானோட் ஸ்லேட் சுரங்கத்துக்கு மாற்றப்பட்டன. குண்டுவீச்சுக்கு அஞ்சாத அந்தக் குகையறைகளிலும் ஓவியங்களை அப்படியே சாய்த்து வைத்துவிடவில்லை. உள்ளேயே கட்டடங்கள் எழுப்பி, காற்றின் சூட்டையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தித்தான் காத்தனர்.

கருவிகளும் தவறான நம்பிக்கைகளும்

தீக்குச்சிச் சோதனைக்கு வருவோம். சாதாரணச் சுடர் ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு வரும்போது அணைகிறது. அதாவது, சுடர் அணையும் நேரத்தில் சோதிப்பவரின் சிந்தனையும் மங்கத் தொடங்கியிருக்கும். கார்பன் மோனாக்சைடையோ ஹைட்ரஜன் சல்ஃபைடையோ சுடர் காட்டுவதில்லை. மீத்தேன் உள்ள இடத்தில் சோதனையே விபத்தாகிவிடும். 1815-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி சுடரைக் கம்பிவலைக்குள் அடைத்த பாதுகாப்பு விளக்கை உருவாக்கியதே அதனால்தான்.

முகமூடி நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. வடிகட்டும் முகமூடி தூசியையோ சில வாயுக்களையோ நிறுத்தும். இல்லாத ஆக்சிஜனை அது உண்டாக்காது. சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லப்பட்ட கானரிப் பறவைகள் எல்லாக் கெட்ட காற்றையும் காட்டிக்கொடுத்தன என்ற கதையும் பாதியே சரி. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் அவற்றைப் பரிந்துரைத்தது முதன்மையாகக் கார்பன் மோனாக்சைடைக் கண்டறிவதற்கே. சிறிய உடலின் வேகமான சுவாசத்தால் மனிதரைவிட முன்னதாக அவை பாதிக்கப்படும். பிரிட்டன் சுரங்கங்களில் 1986-இல்தான் அவற்றுக்குப் பதிலாக மின்னணுக் கருவிகள் கொண்டுவரப்பட்டன.

இன்றைய நடைமுறை, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் மின்னணு வாயுமானி. பரவலாகக் கிடைப்பது நான்கு வாயு வகை: ஆக்சிஜன், எரியக்கூடிய வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. இப்பட்டியலில் கரியமில வாயு இல்லை என்பதை வாங்குபவர் பலர் கவனிப்பதில்லை. அதற்குத் தனி உணரி வேண்டும். ஆக்சிஜன் உணரி காலப்போக்கில் தேய்ந்துபோகும் பொருள் என்பதால், உள்ளே போகுமுன் திறந்தவெளியில் 20.9 காட்டுகிறதா எனப் பார்த்துவிட வேண்டும். பொதுவாக 19.5 சதவீதத்தில் ஒலிக்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். அந்த அளவில் உடலுக்கு ஒன்றும் செய்யாதுதான். ஆனால், அடுத்த இருபது அடியில் 15 ஆகலாம் என்பதே அந்த ஒலியின் பொருள்.

காற்று நன்றாக இருந்தாலும் காலடி நன்றாக இருக்கும் என்பதில்லை. தாதுவைக் கீழிருந்து மேல்நோக்கி வெட்டிச் சென்ற சுரங்கங்களில், குறுக்கே மரங்களை இட்டு அதன்மேல் கழிவுக்கல்லைக் குவித்து நடைபாதையாக்கினர். மரம் உளுத்த பின்னும் மேலே உள்ள கல் தரைபோலவே தோற்றம் தரும். நீர் தேங்கிய வழியில் கீழ்த்தளத்துக்கு இறங்கும் குழி மூழ்கி மறைந்திருக்கும். உரிமையாளரின் அனுமதியின்றி, அச்சுரங்கத்தை அறிந்தவரின் துணையின்றி, புதியவர் நுழைவது எந்த நாட்டிலும் தகாது.

கருவி ஒலித்தால்

வந்த வழியே உடனே திரும்ப வேண்டும். திறந்திருக்கும் ஷட்டர், நிறுத்திய முக்காலி, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான். ஒருவர் விழுந்துவிட்டால், அவரை நோக்கி ஓடுவதே மனித இயல்பு. பாழுங்கிணற்றில் இரண்டாமவரைக் கொல்வதும் அதுதான். சுவாசக் கருவி இல்லாத துணைவர் செய்யக்கூடிய பயனுள்ள செயல், நல்ல காற்றுக்குப் பின்வாங்கி, விரைந்து வெளியேறி உதவி கேட்பது மட்டுமே. உள்ளே கைப்பேசி வேலை செய்யாது என்பதால், எந்தச் சுரங்கம், எந்த வாய், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்பதை வெளியில் உள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டே இறங்குவர். பிரிட்டனில் அந்த நேரம் கடந்ததும் அவர் 999-ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும் அவர்கள் மூலம் குகை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். காற்று கெட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அழைத்தவுடனேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.